நாலில் தொடங்கும் டேப்பு

மூன்றாம் வகுப்பு. கணக்கு. நீளம் அளத்தல்.
ஆடிக் காத்து அடிக்கிற அடியில்
மெய்யெழுத்துச் சார்ட்டு 'ங'வரை சுருண்டுகொண்டது.
பக்கத்து பனியன் கம்பெனியின் பஞ்சுத்தூசி
பிந்தி வந்த பையன் மாதிரி
கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு
கேட்காமலே உள்ளே வருகிறது.

முதலில் சாண்.
ஒரே பெஞ்சு. சுகிர்தாவுக்கு எட்டு,
மௌலீசுக்கு ஒன்பது,
சபரிக்குப் பதினாலு.
(பையன் விரலையே விரிக்கவில்லை,
கையைக் குவித்தபடி நகர்ந்திருக்கிறான்.)
என் கைக்கு ஆறு.
"அப்பப் பெஞ்சு சுருங்கிப் போச்சுங்களா மிஸ்?"

கரும்பலகை மூலையில்
நல்ல கேள்விகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு.
எழுதி வைத்தேன்.
மேலே போன வாரத்துக் கேள்வி அழியாமல் இருக்கிறது:
எறும்புக்கு ஞாயித்துக்கிழமை உண்டா?

பிறகுதான் ஹரிணிகா பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.
மஞ்சள் டேப்பு, தையல் டேப்பு,
அவள் அம்மா செக்கிங்கில் இருக்கிற கம்பெனியில்
வேண்டாமென்று போட்டது.
முனை அறுந்துவிட்டது.
சரியாக நாலாம் கோட்டில் தொடங்குகிறது.

பெஞ்சின் இந்த முனையில் சுகிர்தா,
அந்த முனையில் மௌலீஸ்.
"நூத்தி இருவத்தி நாலு!"
ஓடு அதிர்ந்தது.
நான் எழுதவில்லை.
"டேப்பு எங்க தொடங்குது, பாருங்க."

சித்தெ நேரம் எல்லாம் பொட்டாட்டம் இருந்தார்கள்.
"ஒண்ணு, ரெண்டு, மூணு காணோமுங்க,"
என்றான் மௌலீஸ்,
"மூணைக் கழிச்சுப் போடுங்க."
வகுப்பே தலையாட்டியது.
பதினோரு வருஷமாக இதே பாடம் நடத்துகிறேன்,
சொல்லக் கூடாது,
ஒரு நொடி எனக்கும் அது சரியென்றே பட்டது.

அப்போது திப்யரஞ்சன் எழுந்தான்.
பதிவேட்டுக் கட்டத்துக்குள் அடங்காத பெயர்.
ஜூனில் ஒடிசாவிலிருந்து வந்தான்,
அப்பா சாயப்பட்டறையில்.
எண்ணும்போது மட்டும்தான் அவன் வாய் அசையும்.

என் மர ஸ்கேலை எடுத்து
டேப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தான்,
நாலுக்கு நேராக நாலு.
டேப்பு முடிந்த இடத்துக்கு வெளியே
நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேலில்
இடைவெளி இடைவெளியாக நகத்தை வைத்தான்.
எக்க. துயி. தினி.
"சாரி," என்றான்.

"பரவால்லடா," என்றது வகுப்பு, பெருந்தன்மையாக.
"சாரி," மறுபடி, கொஞ்சம் சத்தமாக.
"அதான் பரவால்லங்கறோமல்லோ!"
மூன்றாம் தடவை அவன் பேசவில்லை.
கட்டைவிரலை மடக்கி
நாலு விரலைத் தூக்கிக் காட்டினான்.

யாரும் சிரிக்கவில்லை.
எல்லாம் தரையில் குனிந்து
ஸ்கேலுக்குள் மூக்கை விட்டன.
"பூஜ்யமும் அறுந்துபோச்சுங்க மிஸ்!"
கத்தியது சபரி,
சாணில் பொய்யளந்தவன்.

நூற்று இருபது என்று எழுதினேன்.
எழுதிக்கொண்டிருக்கையில் ஜூன் ஞாபகம் வந்தது.
சாக்பீஸை எண்ணித் தா என்று இவனிடம் சொன்னேன்.
எண்ணிவிட்டு, சாரி என்றான்.
"நீயென்ன தப்புப் பண்ணுனே கண்ணு?" என்று கேட்டேன்.
அவன் உள்ளங்கையை நீட்டினான்.
நாலு சாக்பீஸ் இருந்தது.
வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு
அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டரைக்குத் தட்டும் கையுமாக வரிசை.
சத்துணவு மயிலாத்தாள் முட்டையை
எண்ணி எண்ணித்தான் வைப்பார்,
கணக்கு இடித்தால் ஆபீசுக்குப் பதில் சொல்லணும்.
"ஒண்ணு, ரெண்டு, மூணு..."
"சாரி!" என்று கத்தியது வரிசை மொத்தமும்,
அதில் திப்யரஞ்சனின் குரல்தான் எச்சு.

கரண்டி நின்றது.
மயிலாத்தாள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.
"அதுக்கென்னுங் சாமி, பரவால்ல,"
என்றபடி
அடுத்த முட்டையை எடுத்தார்:
"அஞ்சு."