ஒரு கல் மட்டும்

கோட்டை வாசலில் போனை உயர்த்தினால்
வளைவுக் கல்லின் மீன்கள் இரண்டும்
திரையில் துள்ளிக் கழன்று போகின்றன.
சுவர் கல் கல்லாய்ப் பிரிந்து
மலை ஏறுகிறது,
தூணாய், மண்டபமாய்,
கடலை மறைக்கும் கோபுரமாய்.

நிருஜாவின் நிரலில் ஒரு பிழை:
ஒரு கல் மட்டும்
அங்கேயும் நிற்கிறது, இங்கேயும் நிற்கிறது.
"இரவைக்குள்ள திருத்திப்போடுறன்" என்றாள்.

கச்சான் காற்றில் கை நடுங்க,
மண்டபத்துக்குள்ளால் நடந்து வந்த மான்
என் கச்சான் சுருளை முகர்ந்தது.
அதற்கு எந்த நூற்றாண்டும் தடையில்லை.

காவலுக்கு நின்ற சிப்பாய்
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்சம் பொறுத்து,
சாய்ந்திருந்த சுவரிலிருந்து
முதுகை எடுத்தான்.

சார்ஜ் மூன்று வீதம்.
திருத்தாதே, நிருஜா.