மீன் தராசு

புதன்கிழமைகளில்
மண்டபத்து வளையில்
முடியப்பரின் தராசைக் கொளுவுகிறோம்.
வாடியில் பாரையும் அறக்குளாவும் நிறுக்கிற தராசு.
சாம்பல் போட்டு எத்தனை முறை தேய்த்தும்
கொக்கியில் வாடை போகவில்லை.
“மனையாவெளிப் பிள்ளையள்தானே, பயப்படாதுகள்,” என்றார்.

பயப்படுகிறார்கள்.
மாப்பையில் தைத்த தொட்டிலுக்குள்
காலை விட்டதும் அலறல்.
முள் ஆடுகிறது.
அது ஓயும்வரை
தாய்மாரும் அழவிட்டுப் பார்த்து நிற்பார்கள்.

பெயர், மாதம், நிறை.
நான் எழுதுவது இவ்வளவுதான்.
நாற்பத்தொரு பெயர்.
(வைகாசிப் பக்கம் இல்லை.
யன்னலில் காயவைத்த கொப்பியை
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து தின்றுவிட்டது.
பாதருக்கு இதைச் சொன்னபோது
அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.)

குசினியில் மெற்றில்டா
முருங்கையிலை உருவிக்கொண்டிருப்பாள்.
சிவப்பரிசி, பயறு, கடைசியில் முதற்பால்.
முட்டை பாலம் தாண்டி
கிண்ணியாவிலிருந்து ஓட்டோவில் வரும்.
நாற்பத்தொன்றுக்குக் காசு வாங்கி
நிஹாரா உம்மா
நாற்பத்தைந்து எண்ணி வைப்பார்.
“வழியில உடைஞ்சா?”
ஒன்றும் உடைந்ததில்லை.
மிஞ்சும் நாலும்
வேலை செய்யும் எங்கள் நாலு பேருக்கு.
அதை எழுதக் கொப்பியில் இடமில்லை.

தவமலர் முதல் நாள்
படலைக்கு வெளியே நின்றாள்.
நெற்றியில் திருநீறு, இடுப்பில் பிள்ளை.
“வேதத்துக்கு மாற வேணுமோ?”
மெற்றில்டா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.
“கோப்பை கொண்டுவந்தனியா?”
அதற்குமேல் எங்களிடம்
ஞானோபதேசம் கிடையாது.

ஒரு சட்டம் உண்டு.
பிள்ளை இங்கேயே இருந்து சாப்பிட வேண்டும்,
ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை.
வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால்
ஒரு கோப்பை ஐந்தாகப் பிரியும்
என்று கடிதத்தில் எழுதியிருந்தது.
எழுதியவருக்கு வீடுகள் தெரிந்திருக்கிறது.

கோகுலவாசன், தவமலரின் மகன்.
ஆனியில் எட்டுக் கிலோ எழுநூறு.
ஆடியில் எட்டு எழுநூறு.
ஆவணியில் எட்டு எழுநூறு.
கஞ்சியை நக்கித் துடைக்கிறான்,
முட்டையையும் வாய்க்குள் போடுகிறான்,
பின் எங்கே போகிறது?

பின்னால் போய்ப் பார்த்தேன்.
படலை தாண்டி, பூவரசடியில்
புத்தகப் பையோடு அக்கா நின்றாள். ஏழு வயது.
அவன் கன்னத்தைப் பிதுக்கி
கைக்குள் துப்பினான்.
மஞ்சட்கரு கூட உடையவில்லை.
அவள் மண்ணைப் பார்த்தபடி மென்றாள்.

பாதர் கேட்டார், ஏன் கூடவில்லை?
“பூச்சியாயிருக்கும்,” என்றேன்.
பாவம், என்னுடைய பொய்க்கு
அவன் பூச்சி மருந்து குடித்தான்.

மறுநாள் தொடக்கம் என் முட்டையை
பூவரசடிக்குக் கொண்டுபோனேன்.
பெரிய புண்ணியமில்லை,
எனக்கு முட்டை வாய்வு.
ஆனாலும் அவன்
கன்னம் வீங்கத்தான் வந்தான்.
என் கையில் ஒன்றைப் பார்த்தும்
தன்னுடையதைத் துப்பினான்.
பெரியவர்கள் ஒரு நாள் தருவார்கள்,
மறுநாள் மறப்பார்கள்
என்பது தெரிந்த பிள்ளை.
ஆறு நாள் எடுத்தது
அவன் விழுங்க.

இன்றைக்குப் புதன்.
போட்டுகள் வந்துவிட்டன, தராசு வேண்டும் என்று
வாசலில் முடியப்பர் அவதிப்படுகிறார்.
“இவன் ஒருத்தன்தான், பொறுங்கோ.”
அலறவில்லை. தொங்கிக்கொண்டே
மெற்றில்டாவுக்கு நாக்கைக் காட்டுகிறான்.
முள் ஓய்ந்தது.
எட்டுக் கிலோ தொள்ளாயிரம்.

இறக்கும்போது பார்த்தேன்,
காற்சட்டைப் பைக்குள்
கடற்கரையில் பொறுக்கிய ஒரு கல்.

கழிக்கவில்லை.