முப்பது விநாடி மௌனம்

பள்ளத்தூரில் அந்த வீட்டைக்
கோள் என்று வாடகைக்கு எடுத்திருந்தோம்.
நாளொன்றுக்கு நாற்பத்தையாயிரம், மின்சாரம் தனி.
முட்டைவெள்ளை குழைத்துப் பூசிய சுவருக்கு
வேறு சாயம் வேண்டாம் என்றார் கலை இயக்குநர்,
எந்த நாகரிகமும் இதைவிட வழவழப்பாய் இருக்க முடியாதாம்.
தேக்குத் தூண்களை மட்டும் வெள்ளித்தாளில் சுற்றினோம்.
வளவுக்கு மேலே தெரிந்த வானத்தைக்
கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.
நட்சத்திரங்களைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

கதை இதுதான்:
மனிதரை விதைத்தவர்களைத் தேடி
ஒரு கப்பல் தொண்ணூறு வருடம் பறக்கிறது.
கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள்.
கடைசிக் கதவுக்குப் பின்னால்
ஒருவர் படுத்திருக்கிறார்.
அவ்வளவுதான். பேசமாட்டார்.
பேசிவிட்டால் இரண்டாம் பாகம் எடுக்க முடியாது
என்று தயாரிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

படுப்பதற்கு ஆறேமுக்கால் அடி ஆள் வேண்டும்.
புதுவயல் அரிசி ஆலையில்
மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அடைக்கனைக்
கம்பெனி வேன் ஏற்றி வந்தது.
சலோமி மூன்று மணி நேரம் வெள்ளை பூசினாள்,
புருவத்தை மறைத்தாள்.
இடது தோளில், மூட்டை அழுத்தி அழுத்திக்
காய்த்துப்போன இடத்தில் மட்டும்
பூச்சு நிற்கவில்லை. உரிந்து உரிந்து வந்தது.
இயக்குநர் குனிந்து பார்த்தார்.
இருக்கட்டும், தொன்மையாக இருக்கிறது என்றார்.

உதடு கலைந்துவிடும் என்று
காலையிலிருந்து எதுவும் தின்ன விடவில்லை.
ஸ்ட்ரா போட்டு மோர். அதுவும் ஒரு தடவை.

நான் ஒலிப்பதிவு.
மற்றவர் கேட்காததைக் கேட்பதற்குச் சம்பளம்.
மயில் அகவினால் கையைத் தூக்குவேன், எல்லாம் நிற்கும்.
ஜெனரேட்டரை இரண்டு தெரு தள்ளி வைத்தேன்.
மைக்செட்காரரிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்து
அம்மனை ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க வைத்தேன்.

கதாநாயகி மண்டியிட்டாள்.
கண்ணாடிக் கவசத்தைத் தூக்கினாள்.
எங்களை எதற்காகப் படைத்தீர்கள்?
ஒன்பதாவது டேக். கண்ணீர் இம்முறை
சரியான கண்ணில் வந்தது.
மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றோம்
நாற்பது பேர்.

அப்போது
ஹெட்போனுக்குள், எனக்கு மட்டும்,
படைத்தவரின் வயிறு இரைந்தது.

முதலில் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி.
பிறகு மாடியில் யாரோ
இரும்புப் பெட்டகத்தை இழுக்கிற மாதிரி, நீளமாக.
நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும்.
தூக்கவில்லை.

கட். ஓகே. கைதட்டல்.
அறையின் மௌனம் எடுக்கணும், யாரும் அசையாதீங்க என்றேன்,
முப்பது விநாடி.
அந்த முப்பது விநாடிக்குள்
அடைக்கன் நிஜமாகவே தூங்கிப்போனார்.

எழுப்பி இலை போட்டார்கள்.
மூன்று தடவை சோறு வாங்கினார்,
வெள்ளை விரல்களில் குழம்பு மஞ்சளாய் இறங்கியது.
அந்தப் பிள்ளை என்ன கேட்டுச்சு? என்றார்.
சொன்னேன்.
மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தார்.
எங்கிட்டயா கேட்டுச்சு?

சென்னையில், கோளுக்கு ஒரு குரல் கேட்டார்கள்.
பூமிக்கு முந்தியதாக,
எந்த வாத்தியத்திலும் இல்லாததாக.
திமிங்கிலம் போட்டேன். பனிப்பாறை உடைவதைப் போட்டேன்.
வேண்டாம், வேண்டாம்.
நாலாம் இரவு ஒன்பதாவது டேக்கைத் திறந்து
பதினாறு மடங்கு மெதுவாக்கினேன்.

படம் ஒன்பது நாள் ஓடியது,
காரைக்குடியில் மூன்று.
கதை விளங்கவில்லை என்றார்கள்.
ஆனால் கப்பல் இறங்கும்போது
இருக்கைக்கு அடியிலிருந்து ஒன்று கிளம்பி
அடிவயிற்றைப் பிடிக்கிறதே, அது என்ன
என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

பெயர்ப் பட்டியலில்,
விளக்குப் போட்டு ஆட்கள் எழுந்த பிறகு,
மூதாதை: அடைக்கன், புதுவயல்
என்று ஒரு வரி ஏறிப் போகிறது.
ஒலி என்ற இடத்தில்
என் பெயர் மட்டும் இருக்கிறது.