இறுக்கை

மூன்று மணிக்குப் பெட்டியின் வாயை அடைத்தோம்.
தகரப் பெட்டி, இரண்டு பூட்டு.
ஒரு சாவி என்னிடம், மற்றது கணக்கர் சந்தனகுமாரிடம்.
அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார் என்று
தல்லாகுளம் அலுவலகம் முழுக்கப் பேச்சு.
சட்டைப் பையில்தான், வெற்றிலைப் பொட்டலத்தோடு.

மூன்று ஏழுக்கு அந்த அம்மா வந்தார்.
சேலையில் வெல்டிங் பொறி தின்ற சிறு ஓட்டைகள்.
ஒச்சம்மாள், இரும்புப் பட்டறை, செக்கானூரணி.
"கோரிப்பாளையத்துல பஸ்ஸு நகரவே இல்ல மேடம்,
எறங்கி ஓடியாந்தேன்."
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
என்றைக்கும் இரண்டு நிமிடம் பின்தங்கும் கடிகாரம்.
அதன்படிப் பார்த்தாலும் தாமதம்.

பிந்திய உறையைப் பிரிக்காமல் திருப்பித் தரவேண்டும்.
பிரிக்காமல்.
அந்தச் சொல்லுக்கு அடியில்
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த யாரோ
சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்.
உறையின் மேல் நான்கு கோடு நோட்டுக் கையெழுத்தில்
"இருக்கை மேசை, முந்நூற்று நாற்பது"
என்று எழுதியிருந்தது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன்.
உள்ளே என்ன விலை என்று இன்றுவரை தெரியாது.

போகிறபோது என் மேசைக் காலை விரலால் சுண்டினார்.
"இருவது கேஜு. யாரு போட்டது?
ரெண்டு வருசத்துல நொண்டும்."
நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது.
ஒரு காலுக்கு அடியில்
எட்டாக மடித்த பழைய அரசாணை.

பிறகு திறந்தோம். மூன்று உறை.
கீழமாசி வீதி, வில்லாபுரம், எல்லீஸ் நகர்.
நாலாயிரத்து எண்ணூற்று எழுபது,
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து,
அதற்கும் மேலே நாற்பத்தைந்து.
தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி
ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறலாம்.
"சுத்தமா இருக்கு" என்றார் சந்தனகுமார்.
"குறைஞ்சவனுக்குப் போட்டுருவோம்."

மூன்றிலும்
இருக்கை
இறுக்கை என்று அடித்திருந்தது.

ஒரு கடையில் என்றால் கைத்தவறு.
மூன்று தெரு சேர்ந்து வந்து
இடையினம் உட்காரவேண்டிய இடத்தில்
ஒரே வல்லினத்தை உட்காரவைக்குமா?
விதி கேட்டது மூன்று உறை.
மூன்று ஆள் என்று விதி எங்கும் கேட்கவில்லை.
பொற்கிழி கட்டித் தொங்கவிட்ட ஊர் இது.
அன்றைக்கே ஒருவர் எழுதியதை
இன்னொருவர்தான் கொண்டுவந்து நீட்டினார்.

ஒப்பீட்டுப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில்,
"மூன்றும் ஒரே கை. மறு ஒப்பந்தப்புள்ளி கோரலாம்" என்று எழுதினேன்.
எழுதும்போதே விரல் நாட்களை எண்ணியது.
அறிவிப்புக்கு முப்பது, ஆய்வுக்குப் பதினைந்து,
தீர்மானம் மன்றத்துக்குப் போய்வர எத்தனையோ.
ஆடி போய்விடும். ஆவணியும்.

தலைமையாசிரியை ஜெசிந்தா போன் செய்தார்.
"பிள்ளைக தரையில உக்காந்து எழுதுதுக மேடம்.
முழங்கால்தான் மேசை.
மழை பேஞ்சா சிமெண்டுல ஈரம் ஊறி
பாவாடையெல்லாம் பின்னால நனஞ்சிருது.
கிளாஸ் முடிஞ்சும் எந்திரிக்க மாட்டேங்குதுக.
குறைஞ்ச விலைதானே, குடுத்துவிட்டா என்ன?"

றகரத்தைப் பற்றிச் சொன்னேன்.
அவர் தமிழாசிரியை, புரியும் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் வகுப்பறைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அதுக்கு நான்
அரை மார்க்குதான் குறைப்பேன்" என்றார்.

புதிய அறிவிப்பை நானே தட்டச்சு செய்தேன்.
இருக்கை. இருக்கை. மூன்று முறை சரிபார்த்தேன்.
ஒரு பிரதியைச் செக்கானூரணிக்கு அனுப்பலாமா என்று
விதிப் புத்தகத்தில் தேடினேன்.
கூடாது என்று இல்லை.
கூடும் என்றும் இல்லை.

கைப்பையில் ஒரு உறை கிடக்கிறது,
நான்கு நாளாக,
தபால்தலை ஒட்டி.