இரண்டாம் நம்பர் கேட், எட்டு நிமிடம்

திருப்பூர், பல்லடம் ரோடு, பனியன் கம்பெனி.
நைட் ஷிப்ட் முடிகிற நேரத்து
கேமராப் பதிவில் எட்டு நிமிடம் எடுத்தேன்.
ஒவ்வொரு ஃப்ரேமிலும் நட்டநடுவே
நூலளவு ஒரு கீற்றை மட்டும் உருவிக்கொண்டு
மிச்சத்தை வீசிவிட்டேன்.
நொடிக்கு இருபத்தைந்து. ஆகப் பன்னிரண்டாயிரம் கீற்று.
இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போனதில்
அகலம் என்பது நேரமாகிவிட்டது.

சும்மா இருந்ததெல்லாம் கோடு.
தார் ரோடு, எதிர்ச்சுவர், சுவரில் பாதி கிழிந்த
"டைலர்கள் தேவை",
வாட்ச்மேன் சின்னராசண்ணனின் வலது முழங்கால்:
காக்கி நிறத்தில், எட்டு நிமிட நீளம்.
திரையைக் குனிந்து பார்த்தார்.
"இந்தக் கோடுங்களா நானு?
வாங்கற சம்பளத்துக்குச் சரியாத்தான் இருக்குது போங்க."

நகர்ந்தவர்களுக்குத்தான் முகம் வாய்த்தது,
அதுவும் அவரவர் வேகத்துக்கு.
முதலாளியின் கார் ஊசி.
பீஸ் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி
கூட்ஸ் ரயில் மாதிரி முடியாமல் போகிறது.

அப்புறம் கவனித்தேன்:
உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்கள்
எல்லோரும் இடப்பக்கமே பார்க்கிறார்கள்.
எந்தப் பக்கமிருந்து வந்தாலும்
மூக்குதானே முதலில் தொடுகிறது.
எங்கள் பக்கம் கிளம்பிப் போகிறவர்களும்
"வாரனுங்" என்றுதான் சொல்வார்கள்.
படத்துக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

காட்டிக்கொடுப்பது எழுத்து ஒன்றுதான்.
உள்ளே வந்த சாயப்பட்டறை லாரியில்
பெயர் நேராக இருக்கிறது.
திரும்பிப் போகையில்
கண்ணாடியில் பார்த்த மாதிரி.

செக்கிங் செக்‌ஷன் துளசிமணி
அந்த லாரியைவிட அகலம்.
நெற்றியும் மூக்கும் தெளிவாக வந்து
சட்டென்று எல்லாம் பச்சை,
சுடிதாரின் பச்சை,
இருநூற்று எழுபத்தைந்து கீற்றுக்கு.
கடைசியில் பின்னல் நுனி, ஒரு மஞ்சப்பை.
பையில் ஜவுளிக்கடைப் பெயர்
இடவலம் மாறிக் கிடக்கிறது.

பதினோரு நொடி.
பிறகு வந்த ஒன்பது நாள் பதிவிலும் அவள் இல்லை.

கீற்றுகளைக் கலைத்து
பழையபடி வீடியோவாக ஓட்டிப் பார்த்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை.
கேட்டில் நிற்கிறாள், குனிகிறாள்,
செருப்பு வாரைச் சரிசெய்கிறாள்.

திரும்ப ஓட்டினேன்.
அவள் போட்டிருந்தது ஷூ.