அறுநூற்றுப் பதினொன்றாம் புகார்

லியபாயாவில் ஜனவரிக் காற்று
டிராம் கம்பியை உலுக்கிக்கொண்டிருந்த இரவில்
அந்தப் புகாரை மூடினேன்.
"என்னிடம் சரியாகவே ஓடுகிறது."
மூன்றே சொல்.

ஊத்ரிஸ் என்றால் எங்கள் மொழியில் நீர்நாய்.
ஏழு வருடம் முன்பு, டிராம் பணிமனைக் கணக்குகளுக்குள்
ஒரு ரசீதைத் தேடிச் சலித்து எழுதிய கருவி.
கருப்புத் திரையில் பெயரைத் தட்டினால்
கோப்புறைக்குள் கோப்புறையாக முங்கி
வாயில் கவ்விக்கொண்டு மேலே வரும்.
பொத்தான் இல்லை, படம் இல்லை, விலையும் இல்லை.
யார் யாரோ எடுத்துப் போனார்கள்.
கையேட்டின் கடைசியில், அன்றைய திமிரில் எழுதியிருந்தேன்:
"ஊத்ரிஸுக்கு அகப்படாதது அங்கே இல்லை."

புகார் சொன்னவர் ஸ்கைத்ரீதே,
தௌகவ்பில்ஸ் மருத்துவமனை ஆவண அறை.
கார்லிஸ் என்ற பெயரில் நாற்பது எக்ஸ்ரே.
கண்ணால் எண்ணினால் நாற்பது; தேடினால் பதினேழு.
மூடிய பிறகும் அவர் சண்டைக்கு வரவில்லை.
கோப்புப் பெயர்கள் இரண்டை மட்டும் அனுப்பிவைத்தார்,
ஒன்றன்கீழ் ஒன்றாக.

மூன்று வாரம் கழித்து, பீட்ரூட் சூப் ஆறிக்கொண்டிருக்க,
அவற்றைப் பைட் பைட்டாகப் பிரித்துப் போட்டேன்.
ஒரு 'ஆ' தலைக்கோட்டோடு பிறந்தது.
இன்னொன்று வெறும் 'அ';
கோடு தனியே வந்து தலையில் உட்கார்ந்திருக்கிறது.
பார்வைக்கு இரட்டையர்.
என் நீர்நாய்க்கோ
ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள்.

திருத்தம் நான்கு வரியில் முடிந்தது.
கையேட்டுக்குத்தான் பதினோரு இரவு.
'இயல்பாக்கம்' என்று எழுதி அடித்தேன்:
பிணவறைக்குப் பக்கத்து மேசையில், அவசரத்தில்,
அதை யார் படிப்பார்கள்?
'ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்,
இனி இரண்டையும் தேடும்' என்று மாற்றினேன்.
புள்ளியில் தொடங்கும் பெயர்களைக் கேட்காமல் தொடாது
என்பதையும், இத்தனை வருடம் சொல்லாமலே விட்டதை,
சொல்லிவைத்தேன்.

பிறகு அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டினேன்.
வெட்டிய இடத்தில்:

"எதுவும் கிடைக்காவிட்டால் 1 என்று சொல்லி வெளியேறும்.
அது பிழையல்ல
கோப்பே இல்லை என்றும் பொருளல்ல."

புகாரைத் திறந்தேன், மன்னிப்புக் கேட்டேன், மூடினேன்.
நாற்பதும் வந்துவிட்டன என்று எழுதுவார் என
தேநீர் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தது அறுநூற்றுப் பன்னிரண்டு.
"கையேடு, கடைசிப் பத்தி, இரண்டாம் வாக்கியம்:
முற்றுப்புள்ளியைக் காணோம். ஸ்கைத்ரீதே."

தேடிப் பார்த்தேன்.
காணோம்தான்.