இடது பக்கம்

டோல்கேட் தாண்டித் தெற்கே வரும்வரை
ஒரு குறையும் இல்லை.
எண்பத்தாறாம் வருடத்து புல்லட்
கன்டெய்னர் லாரி வரிசைக்குள் நுழைந்து வெளியே வரும்.
மெட்ரோ தூண்களில் மோதித் திரும்பும் அதன் சத்தம்
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.
காசிமேட்டுக்கு இடது பக்கம் ஒடிக்கும்போதுதான்
அணைந்துவிடும்.

இருமல் இல்லை, இழுப்பு இல்லை.
பேசிக்கொண்டிருந்தவர்
பாதி வார்த்தையில் எழுந்துபோனது மாதிரி.

பெட்ரோல் கோளாறென்றால் தேய்ந்து தேய்ந்து நிற்கும்,
கரண்ட் கோளாறென்றால் வெட்டினாற்போல் நிற்கும்.
இதுவரை எனக்கே தெரியும்.
மீதியைத் தெரு சொன்னது.

"ப்ளக்கு கறுத்துக்கினு இருக்கும்ணா."
கழற்றினேன். பிஸ்கட் நிறம், நல்ல நிறம்.
சிலிண்டர் மேல் சாய்த்துவைத்து உதைத்தேன்.
நீலமாக, சொடுக்குப் போட்ட மாதிரி விழுந்தது பொறி.
"அப்போ கண்டன்சர். சூடேறினா படுத்துக்கும்."
கமாலுதீன் கண்டன்சரை மாற்றினார்.
பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்து
சிகரெட் அட்டையை இடையில் விட்டு இடைவெளி பார்த்தார்.
அவர் கடையில் வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கும்,
சுவரையே நேராகப் பார்த்தபடி.
அங்கே அதற்கு ஒரு நோயும் வராது.
"ஒண்ணும் இல்லபா, ஓட்டிக்கினு போ."

மறுநாள் இரவு அதே திருப்பம்.
வலைக் குவியலைத் தாண்டி, மீன்தண்ணீர் தாண்டி
வீடுவரை தள்ளினேன். வாசலில்
கோபத்தில் ஓர் உதை. உடனே பிடித்தது.

காயில் மாற்றினேன்.
சீட்டைத் தள்ளி எடுத்த பணம்.
அன்றைக்கு அமலோற்பவம் சொன்னாள்:
"வூட்டுக்கு வர வண்டிக்கே புடிக்கல."
அதற்குப் பிறகு பதினோரு நாள்
தட்டில் சோறு மட்டும் பேசியது.

மணலியில் இரண்டாம் ஷிப்ட் முடிந்த சனிக்கிழமை.
மணி ஒன்று. இடது பக்கம். அணைந்தது.
தள்ளவில்லை. தள்ளத் தெம்பில்லை.
சாவியைப் போட்டுவிட்டு
கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தினேன்.
பாயிண்ட் மூடினால் ஆம்மீட்டர் முள் ஒருபக்கம் சாய வேண்டும்,
திறந்தால் நடுவுக்கு வர வேண்டும்.
முள் அசையவில்லை.
ஒரு நாய் வந்து சைலென்சரை முகர்ந்துவிட்டுப் போனது.
ஹேண்டில்பார் மேல் தலைசாய்த்தேன்.
என் பாரத்துக்கு அது வலது பக்கம் திரும்பியது.

முள் துள்ளியது.

இடது: செத்தது.
வலது: பிழைத்தது.
நடுரோட்டில், நடுராத்திரியில்
வேண்டாம் வேண்டாம் என்று அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி
வண்டியின் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

முகப்பு விளக்கிலிருந்து டேங்குக்கு அடியில் போகும் ஒயர்க்கட்டு,
கழுத்தில் மடங்குகிற இடம்.
ஒவ்வொன்றாக விரலால் நெருடினேன்.
மேல்தோல் பளபளவென்று முழுசாக இருக்கிறது.
ஒரே ஓரிடத்தில் எலும்பில்லாத மாதிரி தொளதொளத்தது.
பிளேடால் கீறினால்
உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடி.
கடல்காற்று தின்றதுபோக
இரண்டே இரண்டு இழை.
நேராகப் போனால் தொட்டுக்கொள்ளும்,
வீட்டுப் பக்கம் திரும்பினால்
விட்டுவிடும்.

சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினேன்.
உதைத்தேன். ஓடியது.
இடது பக்கம் ஒடித்தேன். ஓடியது.
சந்துக்குள் போனேன், ஓடியது.

தள்ளிக்கொண்டு வந்தால் இருபது நிமிடம்.
என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று
தினமும் யோசித்து, தினமும் முடிக்காமல் விட்ட
அந்த இருபது நிமிடம் இன்றைக்கு இல்லை.
வாசலுக்கு வந்துவிட்டேன்.
சாவியை அணைக்கக் கை போகவில்லை.

விளக்கு எரிந்தது.
கலைந்த கொண்டையோடு வந்து நின்றாள்.
ஓடுகிற வண்டியைப் பார்த்தாள்,
பிறகு என் கறுப்புக் கையை.

"ஒயரு," என்றேன்.

"எவ்ளோ ஆச்சு?"

மிச்சமிருந்த டேப்பை
நீட்டினேன்.